புரத உற்பத்தியை நிறுத்தினால் எம்ஆர்என்ஏ என்ன ஆகும்? மனித செல்களில் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர், காட்பாடி, சேர்க்காடு பக்கம் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். ஹீலா என்ற மனித செல்வரிசை, புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்சிமைடு ஒரு புட்டி, ஆர்என்ஏ அளவைக் காட்டும் கியூபிசிஆர் மெஷினில் ஒரு ஸ்லாட். மருந்து போட்ட கொஞ்ச நேரத்தில் சி-மிக் மரபணுவின் எம்ஆர்என்ஏ, அதாவது புரதம் செய்ய அந்த மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகல், ஏறுகிறது. "புரத உற்பத்தி நின்றால் எம்ஆர்என்ஏ நிலைப்படுகிறது" என்று ஒரு வரி எழுதி, பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரிக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. அளவு ஏறியது சிதைவு குறைந்ததாலா, இல்லை மரபணு புதிதாக நிறைய நகல் எடுத்ததாலா? பலன் புரதம் இல்லாமல் போனதால் வந்ததா, எம்ஆர்என்ஏவைப் படித்துப் புரதம் செய்யும் ரைபோசோம் அதன்மேல் உறைந்து உட்கார்ந்ததால் வந்ததா? அல்லது மருந்தின் அதிர்ச்சியில் செல் எழுப்பிய அபாய சமிக்ஞையா? ஒரே மருந்தை வைத்து இந்த மூன்றையும் பிரிக்க முடியாது. எந்த இடத்தில், எப்படி ரைபோசோமை நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து எம்ஆர்என்ஏவின் கதி மாறும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதற்காகத்தான்.

முதலில், சிதைவு நடக்கும் விதம்

மனித செல்லில் ஒரு சாதாரண எம்ஆர்என்ஏவின் சிதைவு வாலில் தொடங்குகிறது. அடினின் எழுத்து தொடராக வரும் பாலி-ஏ வாலை பான்2-பான்3, சிசிஆர்4-நாட் என்ற இரண்டு நொதிக் கூட்டங்கள் குறைக்கின்றன. வால் குட்டையானதும் டிசிபி2 என்ற நொதி தலைப்பக்கத் தொப்பியைக் கழற்றுகிறது, எக்ஸ்ஆர்என்1 என்ற நொதி அந்த முனையிலிருந்து தின்றுகொண்டு வருகிறது. எதிர்முனையிலிருந்து எக்சோசோம் என்ற நொதிக் கூட்டம் தின்பதும் உண்டு.

வேகம்தான் எம்ஆர்என்ஏவுக்கு எம்ஆர்என்ஏ மாறுகிறது. சி-ஃபாஸ், சி-மிக் போன்றவற்றின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாக ஆகும் நேரம், கால் மணியிலிருந்து அரை மணிக்குள். குளோபின் எம்ஆர்என்ஏ ஒரு நாள் அளவுக்குக்கூடத் தாங்கும். வேகமாகச் சாகிறவற்றில் பலவற்றின் வால்பக்கப் பகுதியில் ஏ-யு-யு-யு-ஏ என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். 1986ல் ஷா, கேமன் இருவரும் ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவின் இந்தப் பகுதியை எடுத்து நிலையான குளோபின் எம்ஆர்என்ஏவில் ஒட்டியபோது அதுவும் சீக்கிரம் சிதைந்தது. இதை ஏயு மிகுந்த பகுதி என்போம். டிரிஸ்டெட்ராப்ரோலின், சுருக்கமாக டிடிபி, என்ற புரதம் இங்கே வந்து உட்கார்ந்து சிசிஆர்4-நாட்டைக் கூப்பிடும்.

ரைபோசோமுக்கும் இந்தச் சிதைவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மெதுவாகப் படிக்கப்படும் கோடான்கள் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துகள்) நிறைந்த எம்ஆர்என்ஏ சீக்கிரம் சாகும், சுலபமாகப் படிக்கப்படுவது நீடிக்கும். 2020ல் ஈஸ்ட்டில் இதற்கு ஒரு கட்டமைப்பு விளக்கம் கிடைத்தது. ரைபோசோமில் டிஆர்என்ஏ நுழையும் ஏ-இடமும் அது வெளியேறும் ஈ-இடமும் காலியாக இருக்கும் நிலையில், சிசிஆர்4-நாட் கூட்டத்தைச் சேர்ந்த நாட்5 நேராக வந்து ஈ-இடத்தில் நுழைகிறது. மனிதரில் நாட்5க்கு இணையானது சிநாட்3. இந்த ஈ-இடத்தை நினைவில் வையுங்கள், மருந்துகளைப் பார்க்கும்போது மறுபடி வரும்.

மருந்துகள்: இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்

பெரும்பாலான தீசிஸ்களில் "புரத உற்பத்தித் தடுப்பான்" என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டிருப்பார்கள். உண்மையில் இவை இரண்டு குடும்பம். ரைபோசோமை எம்ஆர்என்ஏமேலேயே உறைய வைப்பவை ஒன்று, ரைபோசோமை எம்ஆர்என்ஏவிலிருந்து காலி செய்பவை இன்னொன்று.

சைக்ளோஹெக்சிமைடு முதல் குடும்பம். ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரைசியஸ் என்ற மண் பாக்டீரியா தயாரிப்பது. ரைபோசோமின் பெரிய பாகமான 60எஸ் துணை அலகின் ஈ-இடத்தில் உட்கார்ந்து ரைபோசோம் அடுத்த கோடானுக்கு நகர்வதைத் தடுக்கும். ரைபோசோம்கள் அப்படியே நிற்பதால் பாலிசோம்கள், அதாவது ஒரே எம்ஆர்என்ஏமேல் வரிசையாக நிற்கும் ரைபோசோம் கூட்டங்கள், கலையாது. அது உட்காரும் இடம் ஈ-இடம், மேலே சொன்ன நாட்5 நுழைவதும் ஈ-இடம். ஆகவே சைக்ளோஹெக்சிமைடால் ஓர் எம்ஆர்என்ஏ நிலைப்பட்டால், "புரதம் இல்லாததால்" என்று சொல்வதற்குமுன் "நாட்5 நுழையும் வாசல் அடைபட்டதாலா" என்று கேட்டுவிட வேண்டும்.

எமிட்டினும் உறைய வைப்பதுதான், ஆனால் சின்ன பாகமான 40எஸ் பக்கத்தில். இபிகாக் வேரிலிருந்து வரும் பழைய வாந்தி மருந்து. செல்லைக் கழுவினாலும் லேசில் விடாது. சைக்ளோஹெக்சிமைடு கழுவினால் போய்விடும். மருந்தை எடுத்துவிட்டு செல் மீள்வதைப் பார்க்கும் திட்டம் இருந்தால் எமிட்டின் பக்கம் போகாதீர்கள்.

பியூரோமைசின் இரண்டாம் குடும்பம். அமினோ அமிலம் சுமந்த டிஆர்என்ஏவின் நுனி மாதிரியே வேஷம் போட்டு ஏ-இடத்தில் நுழையும். பாதி வளர்ந்த புரதச் சங்கிலி இதோடு ஒட்டிக்கொண்டு வெளியேறிவிடும், ரைபோசோம் கழன்றுவிடும், எம்ஆர்என்ஏ நிர்வாணமாகும்.

ஹாரிங்டோனைனும் அதன் உறவான ஹோமோஹாரிங்டோனைனும் தொடக்கத்தில் உள்ள ரைபோசோமை மட்டும் பிடிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை ஓடி முடித்து இறங்கிவிடும். சில நிமிடங்களில் எம்ஆர்என்ஏமேல் ஓடும் ரைபோசோம் இருக்காது. ஹோமோஹாரிங்டோனைன் ஓமாசிடாக்சின் என்ற பெயரில் 2012ல் அமெரிக்காவில் நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கு மருந்தாக அனுமதி பெற்றது.

அனிசோமைசினைத் தனியாக வைக்க வேண்டும். அது பெப்டைடு பிணைப்பு உருவாகும் மையத்தைத் தடுப்பதோடு, பி38, ஜேஎன்கே என்ற அழுத்தச் சமிக்ஞைகளைப் பலமாக எழுப்பும். பி38 எழுந்தால் எம்கே2 என்ற நொதி எழும், எம்கே2 டிடிபியில் பாஸ்பேட் ஏற்றும், டிடிபியின் சிதைக்கும் திறன் குறையும். விளைவாக டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-8 போன்ற ஏயு மிகுந்த எம்ஆர்என்ஏக்கள் நிலைப்படும். புரதம் நின்றதற்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தமில்லை. அனிசோமைசின் மட்டும் வைத்து நிலைத்தன்மை பற்றி முடிவு எழுதிய தீசிஸைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதைப் பயன்படுத்துவதாக இருந்தால் எஸ்பி203580 மாதிரி ஒரு பி38 தடுப்பானையும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

அளவு விஷயம் இன்னும் வேடிக்கையானது. எமிட்டின், அனிசோமைசின் இரண்டையும் குறைந்த அளவில் போட்டால் வரும் விளைவு வேறு, அதிக அளவில் போட்டால் வேறு. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வண்டியும் ஒரே நொடியில் நின்றால் இடிபாடு இல்லை. நடுவில் ஒரு லாரி மட்டும் நின்று, பின்னால் வருபவை ஓடிக்கொண்டே இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று போய் முட்டும். நடுத்தர அளவு மருந்தில் சில ரைபோசோம்கள் மட்டும் நிற்க, மற்றவை பின்னால் வந்து மோதும். இந்த மோதலை இசட்என்எஃப்598 என்ற புரதம் அடையாளம் காணும், சாக்-ஆல்ஃபா என்ற கைனேஸ் (பாஸ்பேட் ஏற்றும் நொதி) அழுத்தச் சமிக்ஞையை எழுப்பும். அளவைக் கூட்டினால் எல்லாம் உறைந்து மோதல் குறையும். அதனால் ஒரே ஓர் அளவில் செய்த சோதனையை நம்பி எதுவும் எழுத வேண்டாம்.

இன்னொரு சின்னக் குறிப்பு. மைட்டோகாண்டிரியாவுக்குள் நடக்கும் புரத உற்பத்தியை சைக்ளோஹெக்சிமைடு தொடாது. அங்கே குளோராம்ஃபெனிகால் வேண்டும்.

படி 1: செல்லும் மருந்தும்

ஹீலா, எச்இகே293, கே562 எதுவும் சரி. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கலாம். பக்கத்து லேபிலிருந்து ஒரு குப்பி கடன் வாங்கினால் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்று இருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

ஒரு மரபணுவை அடக்க நிலையான ஆர்என்ஏ குறுக்கீடு செய்த செல்வரிசையைப் பயன்படுத்தப்போகிறீர்களா? அப்படியானால் அது எந்த மருந்தால் தேர்வு செய்யப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பயன்படும் பிஎல்கேஓ வகை வெக்டரில் பெரும்பாலும் பியூரோமைசின் எதிர்ப்பு மரபணு இருக்கும். அந்த செல்லில் உங்கள் பியூரோமைசின் செல்லாக்காசு. "மருந்து வேலை செய்யவில்லை" என்று புட்டியைக் குறை சொல்லிக்கொண்டு நாட்களை வீணடிப்பவர்கள் நிறையப் பேர்.

ஆரம்ப அளவுகள் இவை: சைக்ளோஹெக்சிமைடு மில்லிலிட்டருக்கு 10 முதல் 100 மைக்ரோகிராம், பியூரோமைசினும் அதே வரம்பு, ஹாரிங்டோனைன் 2 மைக்ரோகிராம், நகலெடுப்பை நிறுத்த ஆக்டினோமைசின் டி 5 மைக்ரோகிராம். இவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் செல்லில் மூன்று நான்கு அளவுகள் வைத்துப் பாருங்கள். சைக்ளோஹெக்சிமைடை டிஎம்எஸ்ஓவிலோ எத்தனாலிலோ கரைத்து மைனஸ் 20ல் வையுங்கள். காரக் கரைசலில் அது உடைந்துபோகும். ஆக்டினோமைசினை வெளிச்சம் படாமல் ஃபாயில் சுற்றி வைக்க வேண்டும். இரண்டுமே விஷம், பொடியை எடைபோடும்போது கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

படி 2: புரத உற்பத்தி நிஜமாகவே நின்றதா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்.

சுலபமான வழி பியூரோமைசின் குறியிடல். கடைசிப் பத்து நிமிடம் குறைந்த அளவு பியூரோமைசின் கொடுத்து, அதற்கெதிரான ஆன்டிபாடியால் வெஸ்டர்ன் பிளாட் செய்தால், புதிதாக உருவான சங்கிலிகள் கறையாகத் தெரியும். ஆனால் எமிட்டின் போட்ட செல்லில் இது ஏமாற்றும். உறைந்து நிற்கும் ரைபோசோமிலும் பியூரோமைசின் போய் ஒட்டிக்கொள்ளும், புரதம் உருவாகாமலே கறை வரும். பியூரோமைசினே தடுப்பானாக இருக்கும் தட்டுக்கும் இந்த முறை உதவாது. அப்போது கந்தகம்-35 மெத்தியோனின், அல்லது எம்சிஎல்1 போன்ற குறைந்த ஆயுள் புரதம் இறங்குகிறதா என்று பார்ப்பது. கதிரியக்க வசதி எல்லாக் கல்லூரியிலும் கிடையாது, எம்சிஎல்1 ஆன்டிபாடி எங்கும் வாங்கலாம்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் கிடைத்தால் 10 முதல் 50 சதவீத சுக்ரோஸ் சரிவில் பாலிசோம் படம் எடுங்கள். சைக்ளோஹெக்சிமைடு தட்டில் பாலிசோம் சிகரங்கள் நிற்கும். ஹாரிங்டோனைன் தட்டில் அவை சரிந்து ஒற்றை ரைபோசோமின் 80எஸ் சிகரம் வளரும். இரண்டு குடும்பங்களும் வேறு என்பதை வைவாவில் வாயால் விளக்குவதைவிட இந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும்.

படி 3: சோதனையின் வடிவம்

குறைந்தது நான்கு வகைத் தட்டுகள் வேண்டும். கரைப்பான் மட்டும். தடுப்பான் மட்டும். ஆக்டினோமைசின் மட்டும். தடுப்பானும் ஆக்டினோமைசினும் சேர்ந்து. தடுப்பானை முதலில் கொடுத்து, 15 முதல் 30 நிமிடம் கழித்து ஆக்டினோமைசின். அதைச் சேர்க்கும் கணம்தான் பூஜ்ய நேரம்.

ஆக்டினோமைசின் ஏன் வேண்டும்? சி-ஃபாஸ் கதையைப் பாருங்கள். சீரம் கொடுத்தால் அதன் எம்ஆர்என்ஏ அரை மணியில் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். சைக்ளோஹெக்சிமைடும் சேர்த்துக் கொடுத்தால் மலைபோல் ஏறி, இறங்காமல் நிற்கும். இதை மிகைத்தூண்டல் என்கிறார்கள். ஒரு பங்கு சிதைவு குறைந்ததால். இன்னொரு பங்கு, ஃபாஸ் புரதம் தன் மரபணுவைத் தானே அணைப்பது வழக்கம், அந்தப் புரதம் வராததால் நகலெடுப்பு அணையாமல் நீள்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் பிரிக்க முடியாது. 1970களில் மனித ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் இன்டர்ஃபெரான் விளைச்சலைக் கூட்ட இதே தந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். அவர்களுக்கு விளைச்சல் கூடினால் போதும், காரணத்தைப் பிரிக்கும் வேலை நமக்கு.

ஆக்டினோமைசினும் முழு யோக்கியம் இல்லை, சில எம்ஆர்என்ஏக்களைத் தானே நிலைப்படுத்தும். பட்ஜெட் அனுமதித்தால் 4-தயோயூரிடின் குறியிட்டுச் செய்யும் முறைக்குப் போகலாம். அதில் நகலெடுப்பை நிறுத்தவே தேவையில்லை. 2017ல் வந்த ஸ்லாம்-சீக் இந்த வகை. முடியாதவர்களுக்கு மலிவான மாற்று ஒன்று: அதே மரபணுவின் இன்ட்ரானுக்கும் (முதிர்ந்த எம்ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி; மிஞ்சுவது எக்சான்) ஒரு பிரைமர் போடுங்கள். இன்ட்ரான் அளவு அசையாமல் எக்சான் அளவு மட்டும் மாறினால், மாற்றம் நகலெடுப்பில் இல்லை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

நேரப் புள்ளிகள்: சி-மிக் வகைக்கு 0, 15, 30, 60, 90, 120 நிமிடம். நிலையானவற்றுக்கு 0, 2, 4, 8 மணி. எட்டு மணி நேரத்துக்குமேல் சைக்ளோஹெக்சிமைடில் வைத்தால் செல் சாகத் தொடங்கும், அதற்குப்பின் அளப்பது பிணப் பரிசோதனை. வெவ்வேறு நாளில், வெவ்வேறு பாசேஜில் மூன்று தடவை செய்யுங்கள். ஒரே நாளில் மூன்று கிணறு போட்டுவிட்டு அதை மூன்று மறுசோதனை என்று எழுதாதீர்கள்.

படி 4: அறுவடை, அதாவது வேலூர் வெயிலோடு போராட்டம்

குறைந்த ஆயுள் எம்ஆர்என்ஏ அளக்கும்போது டிரிப்சின் போட்டு செல்லைப் பெயர்க்கும் வேலையே கூடாது. அந்த ஐந்து நிமிடத்தில் சி-ஃபாஸ் தன் கதையை மாற்றிக்கொள்ளும். மீடியத்தை உறிஞ்சியதும் ஆர்என்ஏ பிரிக்கும் டிரைசால் திரவத்தைத் தட்டிலேயே ஊற்றி அங்கேயே கரையுங்கள். புது சீரம் மீடியம் மாற்றிக் கொடுப்பதும் சி-ஃபாஸைத் தூண்டும் என்பதால், மருந்தைச் சின்ன அளவில் பழைய மீடியத்திலேயே கலக்க வேண்டும். கரைப்பான் தட்டுக்கும் அதே அசைவு, அதே நேரம்.

கிட்டோடு வரும் தாளில் "அறை வெப்பநிலை" என்று போட்டிருக்கும். எழுதியவருக்கு அது 20, 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத நம் லேபில் அது 35ஐத் தாண்டும். குளோரோஃபார்ம் ஆவியாகும், பிபெட்டிலிருந்து சொட்டும், இரு அடுக்கும் சரியாகப் பிரியாது. சென்ட்ரிஃபியூஜை 4 டிகிரியில் முன்கூட்டியே குளிர வையுங்கள். குளோரோஃபார்மையும் பனிப்பெட்டியில் வையுங்கள். ஏப்ரல், மே மாதம்தான் புராஜெக்ட் மாதம் என்பது நம் தலையெழுத்து. முடிந்தால் இந்தச் சோதனையை ஜனவரியில் முடித்துவிடுவது நல்லது. மின்வெட்டு நேரம் தெரிந்தால் நேரப் புள்ளிகளை அதைத் தவிர்த்துப் போடுங்கள். இன்குபேட்டர் 37 டிகிரியிலிருந்து சரிந்தால் சிதைவின் வேகமும் சரியும்.

ஆர்என்ஏவின் 260/280 விகிதம் 2ஐ ஒட்டி இருக்க வேண்டும். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் கட்டாயம், அதுவும் இன்ட்ரான் பிரைமர் போடுகிறவர்களுக்கு. அது இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது மரபணுவைத்தான்.

படி 5: சிடிஎன்ஏவும் கியூபிசிஆரும்

ஆர்என்ஏவை சிடிஎன்ஏ என்ற டிஎன்ஏ நகலாக மாற்றும்போது, வாலில் ஒட்டும் ஆலிகோ-டிடி பிரைமரைத் தவிருங்கள். சிதைவு வாலில் தொடங்குகிறது என்று மேலே பார்த்தோம். வால் குட்டையான எம்ஆர்என்ஏ இன்னும் உயிரோடு இருந்தாலும் ஆலிகோ-டிடி அதைப் பிடிக்காது. சிதைவை விட்டு வால் நீளத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். எங்கு வேண்டுமானாலும் ஒட்டும் ரேண்டம் ஹெக்சாமர் போடுங்கள்.

ஒப்பீட்டு மரபணு இன்னொரு பள்ளம். நகலெடுப்பை நிறுத்திய செல்லில் எல்லா எம்ஆர்என்ஏவும் குறைகிறது, எதோடு ஒப்பிடுவது? சில மணி நேரச் சோதனைக்கு 18எஸ் ஆர்ஆர்என்ஏ பரவாயில்லை. அதைவிட நல்லது, சம எண்ணிக்கை செல்லில் டிரைசால் ஊற்றியதுமே வெளியிலிருந்து கொஞ்சம் லூசிஃபெரேஸ் ஆர்என்ஏவைச் சேர்த்து அதோடு ஒப்பிடுவது. பிரித்தெடுக்கும்போது நேரும் இழப்பும் இதில் கணக்குக்கு வந்துவிடும்.

படி 6: கணக்கு

அரை ஆயுள் = 0.693 ÷ சிதைவு மாறிலி. மாறிலி கிடைப்பது, எஞ்சிய அளவின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் வரும் சாய்விலிருந்து.

கியூபிசிஆரில் இன்னும் சுருக்கமான வழி உண்டு. பிரைமர் திறன் 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால், சிடி மதிப்பு (சிக்னல் தெரிய ஆகும் சுற்றுகளின் எண்ணிக்கை) ஒன்று கூடுவது என்பது எம்ஆர்என்ஏ பாதியாவது. கணக்குக்காக, ஆக்டினோமைசின் மட்டும் போட்ட தட்டில், ஒப்பீட்டுக்குப் பிறகு, 60 நிமிடத்தில் சிடி 2 கூடியது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முறை பாதியாகியிருக்கிறது, அரை ஆயுள் 30 நிமிடம். சைக்ளோஹெக்சிமைடும் சேர்ந்த தட்டில் அதே 60 நிமிடத்தில் சிடி 0.5 மட்டும் கூடினால் அரை ஆயுள் 120 நிமிடம். இரண்டு புள்ளியை மட்டும் இணைத்துக் கோடு போடாதீர்கள். ஆக்டினோமைசின் முழுதாகப் பிடிக்கச் சில நிமிடம் ஆவதால் முதல் புள்ளி கோட்டைவிட்டு விலகி நிற்பது சகஜம்.

படி 7: கிடைத்ததை எப்படிப் படிப்பது

எல்லாத் தடுப்பான்களும் ஒரே மாதிரி நிலைப்படுத்துகின்றன, ஆனால் பலன் தெரியக் கொஞ்ச நேரம் ஆகிறது என்றால், சிதைக்கும் புரதம் ஏதோ ஒன்று குறைந்த ஆயுள் கொண்டது என்று சந்தேகிக்கலாம். அது தீர்ந்தபிறகே எம்ஆர்என்ஏ பிழைக்கிறது. எல்லாமே உடனடியாக நிலைப்படுத்தினால், அந்தச் சிதைவுக்கு ரைபோசோம் ஓடுவதே தேவை என்ற பக்கம் சாய வேண்டும். சைக்ளோஹெக்சிமைடும் எமிட்டினும் மட்டும் காப்பாற்றி, பியூரோமைசினும் ஹாரிங்டோனைனும் கைவிட்டால், உறைந்த ரைபோசோமே கவசமாக இருக்கிறது. அனிசோமைசின் மட்டும் என்றால் முதலில் பி38ஐப் பாருங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டியூபுலின். செல்லில் தனி டியூபுலின் கூடினால் டியூபுலின் எம்ஆர்என்ஏ சிதையும். கால்சிசின் கொடுத்து நுண்குழாய்களைக் கலைத்தால் இதை வரவழைக்கலாம். கால்சிசின் வேறெங்கோ விளைவதல்ல, நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பதுதான். 1987ல் டான் கிளீவ்லேண்டின் ஆய்வகம் பாலூட்டி செல்களில் இதைச் சோதித்தது. ரைபோசோமைக் கழற்றும் பியூரோமைசினைச் சேர்த்தால் டியூபுலின் எம்ஆர்என்ஏ சிதையவில்லை. உறைய வைக்கும் சைக்ளோஹெக்சிமைடைச் சேர்த்தால் சிதைவு இன்னும் கூடியது. இரண்டுமே புரத உற்பத்தியை நிறுத்துகின்றன, பலன் நேர் எதிர். ஏனென்றால் சிதைவுக்கான அடையாளம், ரைபோசோமிலிருந்து எட்டிப்பார்க்கும் புதிய டியூபுலின் சங்கிலியின் முதல் நான்கு அமினோ அமிலங்களில் இருக்கிறது. ரைபோசோம் உறைந்து நின்றால் அந்த அடையாளமும் வெளியே நீட்டிக்கொண்டே நிற்கும். அதைப் படிக்கும் புரதம் டிடிசி5 என்பது 2020ல்தான் தெரிந்தது.

உங்கள் சோதனை அமைப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று சரிபார்க்க இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது. கால்சிசின் கொடுத்து மூன்று முதல் ஆறு மணி, கூடவே இரண்டு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு மருந்து, பீட்டா-டியூபுலினுக்கு எக்சான் பிரைமரும் இன்ட்ரான் பிரைமரும். இது வந்தபிறகு உங்கள் சொந்த எம்ஆர்என்ஏவுக்குப் போங்கள்.

எல்லா ரைபோசோமையும் நிறுத்தும் மருந்து வேண்டாம், ஒரே ஒரு எம்ஆர்என்ஏவின் புரத உற்பத்தியை மட்டும் நிறுத்த வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஃபெரிட்டின் எம்ஆர்என்ஏவின் தலைப்பக்கத்தில் இரும்பு உணரும் ஒரு வளையம் உண்டு. அதை உங்கள் ரிப்போர்ட்டர் எம்ஆர்என்ஏவின் (அளக்க எளிதான சோதனை எம்ஆர்என்ஏ) தலைப்பக்கத்தில் ஒட்டுங்கள். டெஸ்ஃபெரியாக்சமின் கொடுத்து இரும்பை இழுத்துவிட்டால் ஐஆர்பி புரதம் அந்த வளையத்தில் உட்கார்ந்து ரைபோசோம் ஏறாமல் தடுக்கும். ஹீமின் கொடுத்தால் தடை விலகும். மற்ற ஆயிரக்கணக்கான எம்ஆர்என்ஏக்கள் தம் பாட்டுக்குப் புரதம் செய்துகொண்டிருக்கும். டெஸ்ஃபெரியாக்சமின் யாரென்று வேலூரில் அதிகம் விளக்கத் தேவையில்லை, அடிக்கடி ரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளைகளுக்கு இரும்பு இறக்கக் கொடுக்கும் அதே மருந்து.

தலசீமியா, தப்பான நிறுத்தம், ஆஸ்பத்திரி வேலை

இந்தத் துறை நேராக நோய் கண்டறிதலுக்குப் போகும் இடம், நான்சென்ஸ் சிதைவு. எம்ஆர்என்ஏவில் தப்பான இடத்தில் நிறுத்தக் கோடான் வந்தால் செல் அதைப் படித்துப் பார்த்தே அழிக்கும். பொதுவிதி: கடைசி எக்சான் இணைப்புக்கு 50, 55 நியூக்ளியோடைடுகளுக்கும் முன்னால் நிறுத்தம் வந்தால் ஆபத்து. ரைபோசோம் அங்கே நின்றபின்னும், எக்சான்கள் சேரும் இடத்தில் உட்காரும் இணைப்புப் புரதக் கூட்டம் அகற்றப்படாமல் மிஞ்சியிருக்கும், யுபிஎஃப்1 என்ற புரதம் வந்து சேரும், எஸ்எம்ஜி1 என்ற நொதி அதில் பாஸ்பேட் ஏற்றும், எம்ஆர்என்ஏ ஒழியும். படிக்காமல் கண்டுபிடிக்க முடியாது என்பதால் எந்தக் குடும்பத் தடுப்பானும் இதை நிறுத்தும்.

ஆய்வகங்கள் இதைத்தான் பயன்படுத்துகின்றன. நோயாளியின் ரத்தத்திலிருந்து லிம்ஃபோசைட் வளர்த்து, பாதித் தட்டில் பியூரோமைசினோ சைக்ளோஹெக்சிமைடோ கொடுத்து, இரண்டிலும் சிடிஎன்ஏ எடுத்து வரிசை பார்ப்பார்கள். பிழையுள்ள நகல் மருந்து போட்ட தட்டில் மட்டும் தெரிந்தால், அது நான்சென்ஸ் சிதைவுக்கு ஆளாகிறது என்று அர்த்தம். மருந்து வேலை செய்ததற்குச் சாட்சியாக, வழக்கமாகவே நான்சென்ஸ் சிதைவுக்கு ஆளாகும் ஜிஏஎஸ்5 ஆர்என்ஏவோ, எஸ்ஆர்எஸ்எஃப்2வின் நச்சு எக்சான் வடிவமோ ஏறுகிறதா என்று பாருங்கள். அதற்குமேல் யுபிஎஃப்1ஐக் குறைத்தோ எஸ்எம்ஜி1 தடுப்பான் கொடுத்தோ உறுதிப்படுத்த வேண்டும். புரத உற்பத்தியை மொத்தமாக நிறுத்தினால் ஏறும் எல்லாமே நான்சென்ஸ் சிதைவின் இலக்கு அல்ல.

இங்கே மாணவர்கள் வழக்கமாகக் கேட்பது, "பீட்டா குளோபினில் இதைச் செய்யலாமா?" என்று. ஆசை நியாயமானது. பீட்டா தலசீமியாவில் நிறுத்தம் எங்கே விழுகிறது என்பது நோயின் கடுமையையே மாற்றும். கடைசி எக்சானில் விழுந்தால் எம்ஆர்என்ஏ அழியாமல், நீளம் குறைந்த கெட்ட குளோபின் உருவாகி, ஒரே ஒரு பிழை நகல் இருந்தால்கூட நோய் வரலாம். ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு இறங்குங்கள். லிம்ஃபோசைட்டில் பீட்டா குளோபின் எம்ஆர்என்ஏ பார்க்கும் அளவுக்கு இருக்காது. கே562 செல் சிவப்பணு வம்சம்தான் என்றாலும் அது முக்கியமாகச் செய்வது காமா, எப்சிலான் குளோபின்கள், பீட்டா அல்ல. மூன்றாவது, இந்தியாவில் அதிகம் காணப்படும் ஐவிஎஸ்1-5 பிழை ஸ்ப்ளைசிங்கை, அதாவது இன்ட்ரானை வெட்டி எக்சான்களை இணைப்பதை, கெடுப்பது. அங்கே எந்தெந்த வடிவம் உருவாகிறது என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் மொத்த அளவை வைத்துப் பேச முடியாது.

ஆகவே மூன்று எக்சானும் இரண்டு இன்ட்ரானும் உள்ள முழு பீட்டா குளோபின் மரபணுவை ஒரு பிளாஸ்மிடில் வைத்து ஹீலாவில் ஏற்றுங்கள். மரபணு சின்னது, சுமார் 1,600 கார இணைதான், கையாள்வது சுலபம். சரியான வடிவம் ஒன்று, நடு எக்சானில் நிறுத்தம் வைத்தது ஒன்று, கடைசி எக்சானில் நிறுத்தம் வைத்தது ஒன்று. இன்ட்ரான் இல்லாத சிடிஎன்ஏவை ஏற்றினால் இணைப்புப் புரதக் கூட்டமே உட்காராது, சிதைவும் தெரியாது. நோயாளி மாதிரி வேண்டும் என்பவர்கள் நெறிமுறைக் குழு அனுமதிக்கு முதல் செமஸ்டரிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டு, அது வரும்வரை இந்தப் பிளாஸ்மிடில் கையைப் பழக்கிக்கொள்ளலாம்.